ஒற்றைப் புள்ளி உத்தரீயம்

முன்னொரு காலத்தில், ராஜா ஆசைப்பட்டதெல்லாம் பொழுது விடிந்தால் சட்டமாகிவிடும் ஒரு தேசத்தில், வெள்ளைத் துணி என்றால் உயிரை விடும் மன்னர் ஒருவர் இருந்தார். காலையில் ஒரு வெள்ளை, உச்சிக்கு ஒரு வெள்ளை, சபைக்கு ஒரு வெள்ளை. உடுத்துவதற்கு முன் துணியை வெயிலில் விரித்துப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பார். கடுகளவு அழுக்கு தெரிந்தாலும் போச்சு, அன்றைக்குச் சபையில் ஒருவருக்கும் நல்ல பொழுது கிடையாது.

அந்தச் சபையின் விகடகவி ஆவுடையப்பன். மன்னர் முகம் கோணும்போதெல்லாம் அதை நிமிர்த்திவைப்பதுதான் அவருக்கு வேலை. அதனால் மன்னருக்குப் பக்கத்திலேயே ஆசனம், மன்னர் தட்டிலிருந்தே தாம்பூலம்.

இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் ஆடைச்சாலை அதிகாரி மருதராயர். முப்பது வருஷமாக மன்னரின் துணிகளை மடித்து வைப்பவர். முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது, "மருதராயரே, சாப்பிட்டீரா?" என்று மன்னர் கேட்டதில்லை. நேற்று வந்த கோமாளிக்குப் பக்கத்து ஆசனமா?

ஆடி மாதம் எட்டாம் நாள் அந்த நெருப்பு பற்றிக்கொண்டது.

ஆடிப் பதினெட்டன்று மன்னர் ஆற்றங்கரைக்குப் போவதற்காகப் புதிதாக ஓர் உத்தரீயம் நெய்து வந்திருந்தது. பாலாடை போன்ற பருத்தி. ஒரு தடவைகூட இன்னும் சலவைக்குப் போகாத புதுத் துணி. அதை மருதராயர் இரு கைகளிலும் ஏந்திச் சபைக்குக் கொண்டுவந்து விரித்தார். சரியாக நடுவில், ஒரு ரூபாய்க்காசு அகலத்தில், கருகருவென்று ஒரு கறை.



"யார் செய்த வேலை இது?" மன்னர் ஆசனத்தைவிட்டு எழுந்துவிட்டார்.

"மகாராஜா, அடியேன் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார் மருதராயர். "ஆனால் நேற்று ஒரு கூடை நாவற்பழத்தோடு அரண்மனைக்கு வந்தவர் விகடகவி ஒருவர்தான். ஆடைச்சாலை வாசலில் நின்று பழம் தின்றதையும் பலர் பார்த்தார்கள். நாவற்பழச் சாறு என்ன நிறம் என்பது சபைக்குத் தெரியும்."

ஆவுடையப்பன் அப்போதே, "நான் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மன்னரின் முகம் கோணிவிட்டது, நிமிர்த்த வேண்டும் என்ற பழக்கம் நாக்கை முந்திவிட்டது.

"நாவற்பழக் கறைதானே, மகாராஜா! இதற்கா இவ்வளவு கவலை? என் வீட்டுக்காரி ஒரே நாளில் போக்கிவிடுவாள். நான் பொய் சொன்னால் என் முகத்திலிருக்கும் அசட்டுக்களையையே துவைத்து எடுப்பவள் அவள்."

யாரும் சிரிக்கவில்லை. மருதராயர் மட்டும் மெல்லத் தலையாட்டினார்.

"சரியான யோசனை. விகடகவி வீட்டிலேயே போக்கட்டும். ஆனால் மகாராஜா, இவர் தந்திரக்காரர். துணியை வெட்டக் கூடாது, சாயம் ஏற்றக் கூடாது, பூவேலை செய்து மறைக்கக் கூடாது. சலவைக்காரர் எவரும் இந்தத் துணியைத் தொடக் கூடாது. வீட்டில் போக்குவதாகச் சொன்னவர் வீட்டில்தானே போக்க வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர். "பதினெட்டாம் நாள் காலை இந்த உத்தரீயத்தில் கறை இருக்கக் கூடாது. இருந்தால், ஆவுடையப்பா, அன்று மாலைக்குள் நீயும் உன் மனைவியும் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

சலவைக்காரர் யாரும் நுழையாதபடி அவர் வீட்டு வாசலில் காவலுக்கு ஆள் போட்டு, துணியோடு விகடகவியை அனுப்பினார்கள்.

வடிவம்மை துணியை விரித்துப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சீங்களா?"

"இல்லை வடிவு."

"உள்ள போனீங்களா?"

"வாசப்படி தாண்டல."

"அப்புறம் எதுக்கு நான் போக்குறேன்னு வாயைக் குடுத்தீங்க? போக்குறேன்னு சொன்னா, நான்தான் வச்சேன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

நாலு தேசத்துப் புலவர்களை மடக்கிய ஆவுடையப்பன் போய்க் கிணற்றில் வாளியை இறக்கினார். 

"சரி விடுங்க" என்று முந்தானையைச் செருகினாள் அவள். "நாவப்பழம்னா எலுமிச்சம்பழத்துக்கு அசைஞ்சு குடுக்கும். வெந்நீர் மட்டும் ஆகாது."

மறுநாள் விடிந்ததும் எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்து வெயிலில் போட்டாள். மாலையில் பார்த்தால் கறை வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மறுநாள் புளித்த மோரில் ஊறப்போட்டாள். அதற்கு மறுநாள் பூந்திக்கொட்டை நுரையில் கசக்கினாள். நாலாம் நாள் உவர்மண் கரைத்த தெளிநீரில் முக்கி, கல்லில் அடித்து, அலசிக் காயப்போட்டாள். ஆடிக் காற்றில் துணி கொடியில் படபடத்தது. கறை அசையவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு கொடுமை கண்ணில் பட்டது. இத்தனை வெளுப்பில் துணியின் மற்ற இடமெல்லாம் பழுப்பு நீங்கிப் பளிச்சென்று ஆகியிருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் கறை முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. அவள் உழைக்க உழைக்கக் கறைக்குத்தான் அழகு கூடியது.

"இன்னும் ரெண்டு தடவை துவைச்சா, நெத்தியில வச்ச மை மாதிரி ஆயிரும்" என்றாள் வடிவம்மை. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இது நாவப்பழம் இல்லீங்க. என் அம்மா வீட்டுல நாவ மரம் இருக்கு. அந்தக் கறையை நான் பாவாடை கட்டுன நாள்லருந்து துவைக்கிறேன்."

"பின்னே என்ன?"

"தெரியல. தெரியாத வியாதிக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருக்கேன்."

ஆறாம் நாள் ஆற்றாமையில் வெந்நீரும் வைத்தாயிற்று. பானை வாயில் துணி கட்டி, அதன்மேல் உத்தரீயத்தை மடித்துவைத்து, மூடிபோட்டு நாள் முழுக்க ஆவியில் வேகவைத்தாள். எடுத்தபோது வேப்பம்பூ போல வெளுத்திருந்தது துணி. கறையின் ஓரம்கூடக் கலங்கவில்லை.

அன்று ஆவுடையப்பன் எதுவும் சாப்பிடவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து விகடம் ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தார். பேய்க்கதை, பூனைக்கதை, மாமியார் கதை என்று மனதுக்குள் எத்தனையோ புரட்டினார். எல்லாம் வேறு யாரோ சொன்னவை மாதிரி இருந்தன. எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யோசித்தார். கற்களும் கருவேல மரங்களும், வேறு பேச்சுப் பேசும் ஜனங்களும். இவர் மொழியில்தானே இவருக்குப் பிழைப்பு? அங்கே போய் எந்த மொழியில் சிரிக்கவைப்பது? நாற்பத்தைந்து வயதில் மண்வெட்டி பிடிக்கும் கையா இது?

கையை நினைத்ததும்தான் வடிவம்மையின் கையைக் கவனித்தார். மூன்று நாளாக அவள் முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டே நடமாடுகிறாள்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்ல. உவர்மண் அரிப்பு."

"காட்டு வடிவு."

காட்டினாள். விரல்கள் வாழைப்பூ மாதிரி வீங்கியிருந்தன. விரலிடுக்கெல்லாம் கொப்புளம். சில உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மணிக்கட்டு வரை தோல் செம்புநிறமாகக் கன்றியிருந்தது.

"இந்தக் கையோடயா இத்தனை நாள் துவைச்சே?"

"வேற யாரு துவைப்பா? நீங்களா?"

 தம் ஒரு வாய்ச்சொல்லுக்கு அவள் இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் அந்தத் துணியைப் பிடுங்கி வீட்டுக்குள் எறிந்தார். அதற்கப்புறம் இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை. தொட்டு என்ன பயன்? வடிவம்மை வலியில் முனகிக்கொண்டு கிடந்தாள். அவர் இரண்டு மூட்டை கட்டினார். ஒன்றில் பாத்திரம், ஒன்றில் துணிமணி.

ஒன்பதாம் நாள், ஆடிப் பதினேழன்று காலை, பச்சிலை வைத்தியம் பார்க்கும் ஒச்சாயியைக் கூட்டிவந்தார். காவல்காரன் தடுக்கவில்லை. சலவைக்காரரைத்தானே விடக் கூடாது?

ஒச்சாயி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, சேங்கொட்டையை எதுக்குத் தொட்ட?"

"நான் எங்க சேங்கொட்டையத் தொட்டேன்? துணிதான் துவைச்சேன்."

"தொடாம இப்படி வராது. அந்தக் கொட்டையோட பால் பட்டா ரெண்டு மூணு நாள் சும்மா இருக்கும். அப்புறம் தோலைத் தின்னும். எள்ளை அரைச்சு வெண்ணெயில குழைச்சுத் தடவு. ஒரு வாரமாச்சு, ஒரு பெரிய மனுஷனுக்கும் இதே மருந்துதான் அரைச்சுக் குடுத்தேன்."

"எந்தப் பெரிய மனுஷன்?" என்றார் ஆவுடையப்பன்.

"அதெல்லாம் கேக்கக் கூடாது. வைத்தியம் பாக்குறவ வாயைத் தொறந்தா அப்புறம் எவன் வருவான்?"

அவள் போனபின், ஆவுடையப்பன் கட்டிய துணிமூட்டையைப் பிரித்தார். தம் வேட்டி ஒன்றை எடுத்து ஓரத்தைப் புரட்டினார். அங்கே சிறிதாக, கறுப்பாக, ஒரு பெருக்கல் குறி. அவர் வீட்டுச் சலவைக்குறி. எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று மாறிப்போகாமல் இருக்க, முதல் சலவையிலேயே சலவைக்காரர் வேம்பையன் ஊசியால் தொட்டுப் போட்டது. இருபது வருஷமாகப் பார்த்தும் பார்க்காத குறி. வேம்பையன் அதை எதில் தொட்டுப் போடுவார்? சேங்கொட்டையில்.

உத்தரீயத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே கறுப்பு. ஓரத்தில் அதே லேசான பழுப்பு வளையம்.

"வடிவு" என்றார். "சலவைக்காரர் தொடக் கூடாதுன்னு மருதராயர் ஏன் சொன்னார்னு இப்பத்தான் புரியுது. எந்தச் சலவைக்காரர் பார்த்தாலும் இது என்னன்னு ஒரே மூச்சுல சொல்லிருப்பாங்க."

வடிவம்மையின் முகம் மாறவில்லை. "புரிஞ்சு என்ன செய்ய? சலவைக்குறி உலகத்துல எந்த மருந்துக்கும் போகாது. போகக் கூடாதுன்னுதானே அதுல போடுறாங்க. நாளைக்குக் காலையில கறை இருக்கும். மூட்டையைத் திரும்பக் கட்டுங்க."

அவள் சொன்னது சரிதான். அவர் மூட்டையைத் திரும்பக் கட்டினார்.

பதினெட்டாம் நாள் காலை சபை கூடியது. வீங்கிய கைகளை முந்தானையால் மூடிக்கொண்டு வடிவம்மையும் வந்து தூணோரம் நின்றாள். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "எல்லை தாண்டப்போறது ரெண்டு பேரும்தானே?" என்றுவிட்டாள். ஆவுடையப்பன் சொல்லியனுப்பியபடி சலவைக்காரர் வேம்பையனும் வாசலில் வந்து நின்றார்.

ஆவுடையப்பன் உத்தரீயத்தை விரித்தார். வேப்பம்பூ வெள்ளை. நடுவில், நெற்றிப்பொட்டு மாதிரி, கறுப்பு.

மருதராயர் முகத்தில் விளக்கேற்றியது போல் இருந்தது. "மகாராஜா, கறை அப்படியே இருக்கிறது!"

மன்னர் கண்ணை மூடித் திறந்தார். "ஆவுடையப்பா, சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா?"

"இருக்கிறது மகாராஜா. இந்த உத்தரீயத்தில் கறை இல்லை."

சபையில் சலசலப்பு.

"எனக்குக் கண் தெரியாதென்று நினைக்கிறாயா?" என்றார் மன்னர்.

"என் கண்ணையும் நம்ப வேண்டாம், தங்கள் கண்ணையும் நம்ப வேண்டாம். துணி விஷயம் தெரிந்த கண் ஒன்று வாசலில் நிற்கிறது. வேம்பையன் வந்து பார்த்துச் சொல்லட்டும்."

மருதராயர் துள்ளி எழுந்தார். "கூடாது! சலவைக்காரர் தொடக் கூடாது என்பது உத்தரவு!"

"தொடக் கூடாது என்பதுதான் உத்தரவு. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வேம்பையா, கையைப் பின்னால் கட்டிக்கொள். அங்கேயே நில். இது என்ன என்று மட்டும் சொல்."

வேம்பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

"சலவைக்குறிங்க மகாராஜா."

"குறியா?"

"ஆமாங்க. சேங்கொட்டையில போட்டது. சபையில எல்லாரோட துணியிலயும் இருக்கும். ஓரத்தைப் புரட்டிப் பாருங்க."

 உடனே சேனாதிபதி தம் அங்கவஸ்திரத்தின் நுனியைப் புரட்டினார். மந்திரி வேட்டி ஓரத்தைத் தேடினார். புலவர்கள் ஒருவர் துணியை ஒருவர் இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் மன்னரே தம் மேலாடையின் ஓரத்தைத் திருப்பினார். அங்கே கறுப்பாக மூன்று கோடுகள். எத்தனை வருஷமாக வெயிலில் விரித்துப் பார்த்த துணிகள்! ஒரு நாளும் கண்ணில் படாத கறுப்பு!

"தாங்கள் இதைக் கறை என்று சொல்வதானால்" என்றார் ஆவுடையப்பன் மெதுவாக, "தாங்கள் கறையில்லாத துணியை ஒரு நாளும் உடுத்தவில்லை என்று ஆகும். கறை இல்லை, குறி என்று சொல்வதானால், கறையைப் போக்கு என்ற உத்தரவுக்கு இங்கே வேலையே இல்லை."

மன்னர் மேலாடையையும் உத்தரீயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குறி ஓரத்தில் இருக்கும்" என்று கத்தினார் மருதராயர். "துணிக்கு நடுவில் எவனாவது குறி போடுவானா?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். வேம்பையா, குறி என்றால் ஒரு வீட்டுக்கு உரியதாக இருக்க வேண்டுமே. ஒற்றைப் புள்ளி எந்த வீடு?"

வேம்பையன் தயங்கினார். மன்னர், "சொல்" என்றார்.

"ஒத்தைப் புள்ளி அதிகாரி ஐயா வீடுங்க. மருதராயர் ஐயா வீடு. இதுல புள்ளி கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு, அவ்வளவுதான்."

முப்பது வருஷம் மன்னர் துணியெல்லாம் மடித்தவர், தம் வீட்டுத் துணியின் ஓரத்தை ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை. மருதராயர் அவசரமாகத் தம் அங்கவஸ்திரத்தைப் புரட்டினார். ஒற்றைப் புள்ளி. அப்படிப் புரட்டியபோதுதான் அவருடைய வலது கை வெளியே வந்தது. விரலெல்லாம் பட்டுத்துணி சுற்றியிருந்தது.

"கையில் என்ன?" என்றார் மன்னர்.

"வெந்நீர் கொட்டிவிட்டது, மகாராஜா."

தூணோரத்திலிருந்து வடிவம்மை வந்தாள்.  முந்தானையை விலக்கித் தன் இரண்டு கைகளையும் மன்னருக்கு முன்னால் நீட்டினாள். மன்னர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளைத் துணிக்காக ஒரு பெண்ணின் கை இப்படி ஆகும் என்று அவருக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை.

"பட்டுத்துணியைப் பிரியும், மருதராயரே."

பிரித்தார். அதே வீக்கம், அதே கொப்புளம், அதே செம்புநிறம்.

"வெந்நீர்தான், மகாராஜா! சத்தியமாக! நான் ஏன் தங்கள் உத்தரீயத்தில்..."

"இருக்கட்டும், வெந்நீராகவே இருக்கட்டும்" என்றார் மன்னர். "வேம்பையா, வேறொரு வீட்டுக் குறி உள்ள துணி உன்னிடம் வந்தால் என்ன செய்வாய்?"

"குறி எந்த வீடோ, துணி அந்த வீட்டுக்குப் போகணுமுங்க. மாத்திக் குடுத்தா எங்க தொழிலுக்கே கேடு."

"அப்படியானால் இந்த உத்தரீயம் மருதராயருடையது. இன்று முதல் அவர் இதைத் தினமும் போட்டுக்கொண்டு சபைக்கு வரட்டும், புள்ளி நெஞ்சில் தெரியும்படி. கறை போன மறுநாள் கழற்றிவிடலாம். வீட்டிலேயே துவைத்துப் போக்கட்டும்."

மருதராயர் அலறினார். "மகாராஜா! அது ஆயுசுக்கும் போகாதே! சேங்கொட்டைக்கு மருந்தே கிடையாது!"

"அப்படியா?" மன்னர் முன்னால் குனிந்தார். "பத்து நாளைக்கு முன்னால், அதே துணியை விகடகவி வீட்டுக்குக் கொடுத்துப் போக்கச் சொன்னபோது இது உமக்குத் தெரிந்திருந்ததா? அன்றைக்கு நாவற்பழம் என்றல்லவா சொன்னீர்?"

மருதராயர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். கிணற்றில் விட்ட வாளி தண்ணீர் எட்டாமல் மேலும் கீழும் போவது போல அந்த வாய் போய்வந்தது. அதைப் பார்த்ததும் மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சபையும் சேர்ந்து சிரித்தது. ஆவுடையப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பத்து நாளில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மன்னர் ஆயிரம் பொன் கொண்டுவரச் சொன்னார். பிறகு வடிவம்மை பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது உன் புருஷனுக்கு. உனக்கு என்ன வேண்டும்? எதுவானாலும் கேள். இப்போதே உத்தரவு போடுகிறேன்."

"உத்தரவுதான் வேணுங்க, மகாராஜா" என்றாள் வடிவம்மை. "என் கை ஆறி முடியிற வரைக்கும் எங்க வீட்டுத் துணியெல்லாம் இவருதான் துவைக்கணும். சலவைக்காரர் யாரும் தொடக் கூடாது."

மன்னர் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அங்கேயே ஓலையில் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அவள் கை ஆற ஒரு மண்டலம் ஆயிற்று. அந்த நாற்பத்தெட்டு நாளும் ஆற்றங்கரைக்குப் போன ஜனங்கள் விகடகவி கல்லில் துணி அடிப்பதைப் பார்த்தார்கள். உத்தரவு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் அதற்கப்புறமும் துவைத்துக்கொண்டுதான் இருந்தார் என்று கேள்வி.